ஆதிசேஷன் இறங்க மறுத்த காலை

புஜங்காசனத்தில் ஏறிய கோமதிநாயகம் இறங்க மறுத்துவிட்டார்.

மற்றவர்கள் இறங்கியாயிற்று. பாயைச் சுருட்டியாயிற்று. அவர் மட்டும் குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி, நெஞ்சைத் தூக்கி, தலையை நிமிர்த்திப் படமெடுத்தபடி இருந்தார். முகம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.

"இறங்குங்க," என்றார் ஆழ்வாரப்பன்.

"மாட்டேன்."

"வகுப்பு முடிஞ்சிட்டு ஐயா."

"பூமி முடியலையே."

தவறு ஆழ்வாரப்பனுடையது. அதைச் சொல்லிவிட்டால்தான் மேற்கொண்டு போக முடியும்.

ஆழ்வாரப்பன் கோவில்களில் கதை சொன்னவர். ராமாயணம், பாரதம், பாகவதம், எது கேட்டாலும் வாயில் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. கடைசியாகக் கதை சொன்ன கோவிலில் முன்வரிசையில் மைக் செட்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஓர் ஆடு. சீதா கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்போது ஆடு எழுந்து போயிற்று. அன்றைக்கே கதையை விட்டார். மைக்கை மட்டும் விடவில்லை.

பிறகு பொதிகை அடிவாரத்துக்கு வந்து மரகதம் அம்மாவிடம் யோகம் கற்றார். அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அம்மாவுக்கு அதைவிடக் குறைவு. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை. அம்மா எதைப் பற்றியும் அதிகம் பேசுவதில்லை. வகுப்பு நடக்கும் கூடத்துக்குத் தகரக் கூரை. அம்மாவின் குரலைவிடக் கூரைமேல் ஓடும் குரங்குகளின் சத்தம்தான் அங்கே அதிகம் கேட்கும்.

தனியாக வகுப்பு எடுக்க வேண்டும் என்பது ஆழ்வாரப்பனின் ஆசை. கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் அம்மா சொன்னார்:

"முதுகு வளைக்கிற வாரம் உங்களுது. வந்தவங்க வந்தபடி வீட்டுக்குப் போகணும். போயிட்டா, கீழ ஊர்ல நீங்க வகுப்பு எடுக்கலாம்."

"இல்லைன்னா?"

"மைக்க எடுத்துட்டுப் போயிருங்க."

கதை சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லவில்லை. ஆகவே சொன்னார்.

திங்கட்கிழமை வில். குப்புறப் படுத்து, கணுக்காலைக் கையால் பிடித்து, உடம்பை வில்லாக வளைக்க வேண்டும். "இது சிவதனுசு. ராஜாக்கள் வந்து பார்த்தார்கள், அசைக்க முடியவில்லை," என்றார் ஆழ்வாரப்பன். வக்கீல் சங்கரபாண்டியன் அதைக் கேட்டபிறகே வளைத்தார். பட்டென்று ஒரு சத்தம்.

"முறிச்சாச்சு. சீதையக் கூப்பிடும்," என்றார் வக்கீல்.

முறிந்தது அவருடைய இடுப்பு பெல்ட்.

செவ்வாய்க்கிழமை பாலம். தோளும் தலையும் தரையில், இடுப்பு மேலே. "நீங்கதான் சேது. வானர சேனை உங்க வயித்து மேல நடந்து போகுது," என்றார். அந்த நேரம் பார்த்துக் கூரைமேல் குரங்குகள் ஓடின. ஒருவரும் இடுப்பை இறக்கவில்லை. ஒரு குரங்கு நின்று யோசித்தது. அது போகும்வரை இவர்களும் காத்திருந்தார்கள். அன்று ஆழ்வாரப்பனுக்கு ஆடு மறந்து போயிற்று.

புதன்கிழமை ஒட்டகம். தேடிப் பார்த்தார். யானை இருக்கிறது, மயில் இருக்கிறது, எலிகூட இருக்கிறது. ஒட்டகத்தின்மேல் எந்தச் சாமியும் ஏறவில்லை. வகுப்பு சீக்கிரம் முடிந்தது.

அந்தக் குறையை வியாழக்கிழமை பாம்பில் தீர்த்துக்கொண்டார்.

"பதஞ்சலி யாரு? ஆதிசேஷன். யோகத்தைக் கொடுத்ததே பாம்புதான். அந்த ஆதிசேஷன்தான் இப்ப நீங்க. தூக்குங்க தலையை! ஆயிரம் தலை. தலைக்கு ஒரு நாகமணி. அதுக்கு மேல பூமி. மலை, கடல், கோவில், குளம், உங்க வீடு, உங்க பிள்ளைங்க, தொழுவத்துல நிக்கிற மாடு, எல்லாம் உங்க தலைமேல. நீங்க அசைஞ்சா நிலநடுக்கம். விட்டீங்கன்னா?"

மைக்கில் கொஞ்சம் மூச்சு விட்டார்.

"பிரளயம்."

நர்ஸ் ஜெபமணி கையைத் தூக்கினார். "சார், எனக்கு ஆதிசேஷன் வேண்டாம். நான் சும்மா பாம்பா இருந்துக்கிடுதேன்."

"உங்க இஷ்டம்மா."

கை வலித்ததும் சும்மா பாம்பு இறங்கிவிட்டது. வக்கீல் பூமியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். கோமதிநாயகம் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அவர் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர். மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே வால்வு. காலையில் அவர் கை வைத்தால்தான் ஊர் குளிக்கும். லீவு போட்டதில்லை. காய்ச்சலோடும் போனார். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். அது தானே திறந்தது, தானே மூடியது. ஊர் குளித்துக்கொண்டுதான் இருந்தது. இவர் வீட்டில் பேப்பர் படித்தார். படித்த பேப்பரையே மத்தியானமும் படித்தார். பிறகு இங்கே வந்து சேர்ந்தார். கடைசி வரிசை, சுவரோரம்.

இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒருவர், அதுவும் மைக்கில், நீ விட்டால் எல்லாம் போயிற்று என்று சொல்கிறார்.

எப்படி விடுவார்?

ஜெபமணி பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைத் தொட்டுப் பார்த்தார். "கை நடுங்குது. முதுகு பிடிச்சிட்டுன்னா ஆம்புலன்ஸ்லதான் ஏத்தணும். சார், சீக்கிரம் இறக்குங்க."

வந்தவர்கள் வந்தபடி. ஆழ்வாரப்பனுக்கு வேர்த்தது.

"நாலு பேர் பிடிச்சுப் புரட்டிருவோம்," என்று வக்கீல் கிட்டே போனார்.

"தொட்டா அசைஞ்சிருவேன்," என்றார் கோமதிநாயகம். "அசைஞ்சா எந்த ஊர் இடியும்னு எனக்குத் தெரியாது. பொறுப்பு நீங்க எடுத்துக்கிடுவீங்களா?"

பொறுப்பு என்றதும் வக்கீல் கையை எடுத்துக்கொண்டார்.

"ஐயா, அது கதைங்க," என்றார் ஆழ்வாரப்பன்.

"கதைன்னா? பொய்யா?"

மைக் அணைக்கப்படாமல் இருந்தது. பொய்யா, பொய்யா என்று கூடம் கேட்டது. எல்லோரும் ஆழ்வாரப்பனைப் பார்த்தார்கள். அவரால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. ஆட்டுக்கு முன்னால்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

"விலகும் ஓய்," என்று வக்கீல் முன்னால் வந்தார். "நான் கேக்கேன். கோமதிநாயகம், பூமி உங்க தலைமேல இருக்கு?"

"ஆமா."

"இந்தக் கூடம் பூமிமேல இருக்கு?"

"ஆமா."

"நீங்க கூடத்துக்குள்ள இருக்கீங்க?"

"ஆமா."

"அப்ப உங்க தொப்பை எது மேல இருக்கு?"

கூடம் சிரித்தது. கோமதிநாயகம் சிரிக்கவில்லை.

"ஆமை மேல. ஆதிகூர்மம். ஆதிசேஷனத் தாங்குறது அதுதான். சார் சொன்னாரு."

வக்கீல் திரும்பினார். "சொன்னீரா?"

"சொன்னேன்."

"எதுக்குச் சொன்னீரு?"

"கேட்டாரு, சொன்னேன்."

வக்கீல் கேஸை விட்டுவிட்டார்.

கதையில் ஏற்றியதைக் கதையிலேயே இறக்கிவிடலாம் என்று ஆழ்வாரப்பன் நினைத்தார்.

"ஐயா, பாற்கடல்ல ஆதிசேஷன் சுருண்டு படுத்திருக்காரு. பெருமாளுக்குப் படுக்கை. நீங்களும் படுக்கலாம், தப்பில்ல."

"பெருமாள் வரட்டும். அவர் வந்தா படுத்துக்கிடுதேன்."

"கருடன் வாரான், பாருங்க!"

"வரட்டும். அவனும் நானும் ஒரே இடத்துல வேலை."

"எட்டுத் திசையிலயும் யானைங்க தாங்குது. நீங்க ஒருத்தர் இல்லைன்னாலும்..."

"உதவிக்கு ஆள் இருக்குன்னு நம்பி ஒருநாள் நான் தொட்டிய விட்டுட்டுப் போனேன். மேலத்தெரு பூரா வெள்ளம்."

"சரி. யுகம் முடிஞ்சிட்டு. பிரளயம் வந்துட்டு, போயிட்டு. இப்ப பூமியே இல்ல. இறங்கலாம்."

"எல்லாம் போனாலும் ஆதிசேஷன் மிச்சம் இருப்பாரு. அதனாலதான் சேஷன்னு பேருன்னு நீங்கதான சொன்னீங்க."

கோமதிநாயகம் ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தார். இப்படி ஒரு ஆள் ஆழ்வாரப்பனுக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. கிடைத்த நேரம் சரியில்லை.

அவர் மைக்கை அணைத்தார். தரையில் படுத்து, கோமதிநாயகத்தின் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனார். மூக்கு நுனியில் வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"நிஜத்தச் சொல்லுங்க. இறங்கணும்னு உங்களுக்கு இல்லையா?"

"இருக்கு," என்றார் கோமதிநாயகம். "யார்கிட்ட குடுக்க?"

"வக்கீல்கிட்ட குடுங்க."

"அவரு காலைலயே ஒருதடவை போட்டுட்டாரு."

"நர்சம்மாகிட்ட?"

"ஏசப்பா, என்னை விடுங்க. நான் சும்மா பாம்பு," என்றார் ஜெபமணி.

"சரி, என்கிட்ட குடுங்க."

கோமதிநாயகம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சார், கோவிச்சுக்காதீங்க. இந்த வாரம் முழுக்க நீங்க ஏறி நான் பாக்கலை. மைக்தான் பிடிச்சிட்டிருந்தீங்க."

ஆழ்வாரப்பனுக்குச் சுருக்கென்றது. கைகளை ஊன்றினார். நெஞ்சைத் தூக்கினார். முதுகில் எதுவோ நகர்ந்தது. "அம்மாடி" என்று தரையில் விழுந்தார்.

"பாத்தீங்களா," என்றார் கோமதிநாயகம். குரலில் குத்தல் இல்லை. அவருக்குத் தெரிந்ததுதான்.

யாரோ போய் மரகதம் அம்மாவைக் கூட்டி வந்தார்கள். கத்தரிச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவர் மண் கையோடு வந்தார். கோமதிநாயகத்தைப் பார்த்தார். தரையில் கிடந்த ஆழ்வாரப்பனைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்கதான் இறக்கணும்," என்றார் ஆழ்வாரப்பன்.

"ஏத்துனது யாரு?"

"நான்."

"எப்படி ஏத்துனீங்க?"

"ஆதிசேஷன்னு சொன்னேன்."

"இறங்குறதுக்கு என்ன சொன்னீங்க?"

ஆழ்வாரப்பன் யோசித்தார். ராமாயணம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

"அது கதையில இல்லம்மா."

"ம்."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாரு."

"கேப்பாரு. அப்புறம் தினம் நான் வந்து சொல்லணும்."

அம்மா கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினார். "கனமா இருக்கா?"

"இருக்கும்மா."

"எந்தப் பக்கம்?"

"வடக்க."

"ம்," என்றார் அம்மா. கை மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"என்னம்மா நீங்களும் சேந்துக்கிட்டு!" என்றார் ஜெபமணி. "வயசான மனுசன். தோள் துடிக்குது. இப்படியே விட்டா நான் சொன்னதுதான் நடக்கும்."

வெளியே ஆட்டோ வந்து நின்ற சத்தம். ஒரு பெண் குரல் வாசலிலேயே தொடங்கிவிட்டது.

"அவுக இன்னும் கிளம்பலையா? இட்லி ஆறிக் கல்லாயிட்டு. வகுப்பு என்ன சாயங்காலம் வரைக்குமா?"

கோமதிநாயகத்தின் மனைவி செண்பகவடிவு. கனத்த உடம்பு, வேகமான நடை. கையில் வீட்டுச் சாவி. உள்ளே வந்து, பாம்பாகக் கிடந்த கணவரைப் பார்த்து நின்றார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வக்கீல் ஆமையில் தொடங்கினார். ஜெபமணி தோளில் தொடங்கினார். ஆழ்வாரப்பன் பதஞ்சலியில் தொடங்கினார். செண்பகவடிவு எல்லாவற்றையும் கேட்டார்.

"நீங்கதான் கதை சொல்றவுகளா?"

"ஆமாம்மா," என்றார் ஆழ்வாரப்பன். முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து, திட்டு வாங்கத் தயாராக நின்றார்.

"நல்லாச் சொல்வீகளாமே. சாப்பிட உக்காந்தா உங்க பேச்சுதான் இவுகளுக்கு."

ஆழ்வாரப்பனுக்குச் சந்தோஷம் வந்தது. வரக்கூடாத நேரம். அடக்கிக்கொண்டார்.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"நில்லும்! வாரேன்," என்று வாசலைப் பார்த்துக் கத்திவிட்டு, கணவரின் தலைமாட்டில் குனிந்தார்.

"என்ன செய்றீக?"

"பூமியத் தாங்குறேன்."

செண்பகவடிவு சிரிப்பார் என்று வக்கீல் எதிர்பார்த்தார். கத்துவார் என்று ஜெபமணி எதிர்பார்த்தார்.

"எப்பருந்து?"

"காலைலேர்ந்து."

"வலிக்கா?"

அதை அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை. கனத்தைக் கேட்டார்கள், காரணத்தைக் கேட்டார்கள்.

"வலிக்கு," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"கீழ விட வேண்டியதுதான?"

"விட்டா எல்லாம் போயிரும் வடிவு."

செண்பகவடிவு சாவியை ஜெபமணியின் கையில் கொடுத்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். பாய் விரிக்கவில்லை. வெறும் தரையில், கணவருக்குப் பக்கத்தில், முனகிக்கொண்டே குப்புறப் படுத்தார்.

"தள்ளுங்க."

"என்ன செய்ற?"

"குடுங்க. கொஞ்ச நேரம் நான் வச்சிருக்கேன்."

"உனக்குப் பழக்கமில்ல. சாச்சிருவ."

"நம்ம மக செல்வி கல்யாணத்தன்னைக்கு, தாரை வாக்குற நேரம், நீங்க எங்க இருந்தீக?"

கோமதிநாயகத்தின் கண் மட்டும் சுவர்ப்பக்கம் போயிற்று.

"எங்க இருந்தீக?"

"வால்வு திறக்கப் போயிருந்தேன்."

"தாம்பாளத்த யார் பிடிச்சா?"

"நீ."

"சாஞ்சுதா?"

அவர் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார்.

"இல்ல."

"குடுங்க."

செண்பகவடிவு கைகளை ஊன்றித் தலையைத் தூக்கினார். கொண்டை அவிழ்ந்தது. சொல்லிக்கொள்ளும்படியான புஜங்காசனம் இல்லை. முழங்கை தவறு, தோள் தவறு. மரகதம் அம்மா திருத்தவில்லை.

"மெதுவா," என்றார் கோமதிநாயகம். "வடக்குப் பக்கம் கனம்."

"எதனால?"

"இமயமலை."

"சரி."

"தெக்க வழுக்கும். கடல்."

"தெரியும். குடுங்க."

"அப்படியே வெடுக்குனு இழுக்காத. நான் சாய்க்கிறேன், நீ வாங்கிக்க. நம்ம ஊர் ஓரத்துலதான் இருக்கு, பாத்து."

"பாத்துக்கிடுதேன்."

கோமதிநாயகம் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார். செண்பகவடிவு அந்தப் பக்கம் சாய்த்தார். இரண்டு தலையும் மெல்ல முட்டிக்கொண்டன. கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. வக்கீல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று அவருக்கே தெரியாது.

"பிடிச்சியா?"

"பிடிச்சாச்சு."

"நெசமா?"

"விடுங்கன்னா!"

விட்டார்.

நெஞ்சு இறங்கியது. தாடை இறங்கியது. கன்னம் தரையைத் தொட்டது. ஜெபமணி உடனே கையை நெஞ்சுக்கடியில் கொடுத்துத் திருப்பி, முழங்காலை மடக்கி, முதுகை நீவிவிட்டார். கோமதிநாயகத்தின் கண்ணில் தண்ணீர் இருந்தது. வேர்வையாகவும் இருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

பூமி அசையவில்லை. ஆட்டோக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார்.

கோமதிநாயகம் எழுந்து உட்கார்ந்தார். செம்புத் தண்ணீரில் பாதி குடித்தார். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். மனைவியைப் பார்த்தார்.

"ரொம்ப நேரம் வைக்காத வடிவு. தோள் கழண்டுரும். என்கிட்ட குடு."

"குடிச்சு முடிங்க முதல்ல."

அவர் குடித்து முடித்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால், செண்பகவடிவு எழுந்து உட்கார்ந்து கொண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

கோமதிநாயகம் பதறினார். "ஏ வடிவு! பூமி?"

"வச்சிட்டேன்."

"எங்க வச்ச?"

"கீழதான். வேற எங்க வைக்க?"

"கீழயா!"

"குடத்த இடுப்புலயே வச்சுக்கிட்டு எவளாவது சோறு பொங்குவாளா? ஒரு ஓரமா வச்சிட்டுத்தான் வேலையப் பாக்கணும். நாளைக்கு வந்து வேணும்னா எடுத்துக்கிடுங்க. அதை யார் தூக்கிட்டுப் போகப்போறா?"

கோமதிநாயகம் தரையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். எழுந்து நின்று காலால் அழுத்திப் பார்த்தார்.

"ஆடலையே."

"ஆடாது. முட்டுக் குடுத்துத்தான் வச்சிருக்கேன்."

வக்கீல் வாயைத் திறந்தார். ஜெபமணி அவர் காலை மிதித்தார்.

"வாங்க," என்று செண்பகவடிவு சாவியை வாங்கிக்கொண்டார். "இட்லிய உதுத்துத் தாளிச்சுத் தாரேன். தேங்கா மட்டும் நீங்க துருவுங்க. எனக்குத் தோள் வலிக்கு."

"நான் துருவுதேன்," என்றார் கோமதிநாயகம்.

அவர் மனைவியின் பின்னால் நடந்தார். முதுகு நேராகத்தான் இருந்தது. வாசலில் நின்று திரும்பினார்.

"அந்த இடத்துல யாரும் பாய் விரிச்சிராதீங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டோ போன பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வக்கீல் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

கூடத்தில் அம்மாவும் ஆழ்வாரப்பனும் மிச்சம். ஆழ்வாரப்பன் மைக்கின் வயரைச் சுற்றினார். சுற்றியதைப் பிரித்து மறுபடி சுற்றினார்.

"அம்மா."

"ம்."

"வந்தவர் வந்தபடி போயிட்டாரே."

"போயிட்டாரு."

"நான் அனுப்பலை."

"இல்ல."

ஆழ்வாரப்பன் மைக்கைப் பெட்டியில் வைத்தார். மூடவில்லை.

"நான் போயிரட்டுமா?"

"எங்க?"

"நீங்கதான சொன்னீங்க."

அம்மா எழுந்து வாசலுக்குப் போய்க் குழாயில் கை கழுவினார். நகத்து இடுக்கில் இருந்த மண்ணை நிதானமாக எடுத்தார்.

"ஒட்டகத்தன்னைக்கு எத்தனை பேர் நல்லா வளைஞ்சாங்க?"

"ஒருத்தரும் இல்லம்மா."

"இன்னைக்கு?"

ஆழ்வாரப்பன் தயங்கினார். "எல்லாரும்."

"கோமதிநாயகம் சேந்த நாள்லருந்து நிமிந்து நான் பாத்ததில்ல. இன்னைக்கு நிமிந்தாரு."

ஆழ்வாரப்பன் நிமிர்ந்து பார்த்தார். அவர் முதுகு சற்று வலித்தது.

"அப்ப கீழ ஊர் வகுப்பு?"

"எடுங்க."

"தனியாவா?"

"தனியா இல்ல."

"கதை?"

"சொல்லுங்க. ஏறுறதுக்கு உங்க கதைதான் வேணும்."

ஆழ்வாரப்பனுக்கு மூச்சு வந்தது. பெட்டியை மூடப் போனவர் நின்றார்.

"இறங்குறதுக்கு?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"செண்பகவடிவு."